கதவைத் தட்டியவர்கள் திரும்பிப் போகக் கூடாது

2023 மே 5 அன்று, கொரோனாவுக்காக அறிவித்த உலகளாவிய நெருக்கடிநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எங்கள் தெருக்களில் அது அதற்கு வெகு முன்பே முடிந்திருந்தது. வெப்பமானியோடு வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். பிளீச்சிங் பவுடர் தூவுவது நின்றது. "வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்ற கேள்வியும் நின்றது. நோய் போனது நல்லது. அந்தக் கேள்வியும் சேர்ந்து போனதில்தான் நமக்கு நட்டம்.

தஞ்சாவூர் நகரத்தின் ஓரத்துச் சேரிகளிலும், வெண்ணாறும் வெட்டாறும் பாயும் ஊர்களின் காலனிகளிலும் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த நட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும் என்று நினைக்கிறோம். கொரோனாவைப் பற்றி இன்னுமா எழுத வேண்டும் என்று இளம் தோழர்கள் கேட்கலாம். அந்த இரண்டு ஆண்டுகளில் அரசு எதையெல்லாம் செய்ய முடியும் என்று காட்டியதோ, அதையெல்லாம் இனி முடியாது என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் சென்னையிலிருந்து தொடங்குவோம். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியது. சந்தை மூடப்பட்டதும் மூட்டை தூக்கிய, காய்கறி இறக்கிய கூலித் தொழிலாளர்கள் அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் லாரிகளில் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு நோயும் வந்தது. அந்த நேரத்தில் சென்னை மாநகராட்சி ஒன்றைப் புரிந்துகொண்டது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். எனவே 15 மண்டலங்களிலும் ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களை அமர்த்தி வீடு வீடாக அனுப்பியது. தெருமுனைகளில் காய்ச்சல் முகாம்கள் போட்டது. காய்ச்சல், இருமல் இருந்தவர்களுக்கு அங்கேயே பரிசோதனை. வேறு மாநிலங்கள் விரைவுச் சோதனைகளை நம்பியபோது தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் உறுதியாக நின்றது. சென்னையில் தேறிய இந்த முறைதான் காய்ச்சல் முகாம், வீட்டுக் கணக்கெடுப்பு என்று மற்ற மாவட்டங்களிலும் நடந்தது.

இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த அறிவு அல்ல. 1939-லேயே சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இயற்றிய முதல் மாகாணம் அதுதான். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றை உள்ளாட்சிகளின் கடமையாக அந்தச் சட்டம் எழுதி வைத்தது. மருத்துவம் பார்ப்பதற்கு ஒரு துறை, நோய் வராமல் தடுப்பதற்குத் தனியாக ஒரு துறை என்பதும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர் என்று நாம் தெருவில் பார்க்கும் ஆட்கள் அந்த இரண்டாவது துறையைச் சேர்ந்தவர்கள். பெரிய மருத்துவமனையைக் காட்டி ஓட்டு கேட்கலாம். சுகாதார ஆய்வாளரைக் காட்டிக் கேட்க முடியாது. அதனால் அரசியல்வாதிகளின் கண் முதல் துறையில்தான் இருக்கும். கொள்ளைநோய் வந்தபோது நம்மைக் காத்ததில் பெரும்பங்கு இரண்டாவது துறைக்கு உண்டு.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. இன்றும் டெல்டாவின் பிள்ளைப்பேறுகளில் பெரும்பகுதியைத் தாங்குகிற இடம் அது. ராஜாவின் பெயரும் மிராசுதார்களின் பெயரும் அதன் வாசலில் இருக்கின்றன. அந்த மிராசுகளின் நெல்லை விளைவித்த பண்ணையாட்களின் பெயர் எந்த வாசலிலும் இல்லை. கொடை கொடுத்தவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கொடுத்த பணம் யாருடைய முதுகிலிருந்து வந்தது என்பதை அடுத்த தலைமுறை மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கே 1952 ஆனது. கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது 1968 டிசம்பர் 25. இந்த வரலாறுதான் எங்கள் உடம்பில் இரத்தசோகையாகவும் குறைப்பிரசவமாகவும் இன்னும் தொடர்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் மூவரில் ஒருவர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டிலேயே அதிக விகிதம் அங்குதான். டெல்டாவின் சுகாதாரம் என்று பேசினால் அது பெருமளவு எங்கள் சுகாதாரம்தான்.

டெல்டாவில் சேரி எங்கே இருக்கும் என்று வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊர் மேட்டில் இருக்கும். சேரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த நிலத்தில், வயலை ஒட்டி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்தால் முதலில் நீர் நிற்பது அங்கே. ஊர்க் கழிவு வந்து சேரும் வடிகாலும் அங்கேதான். பல காலனிகளுக்கு இன்றும் வரப்பை அகலப்படுத்திய பாதைதான் சாலை. 108 ஆம்புலன்ஸ் மதகடியில் நின்றுவிடும். நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போக வேண்டும். பொதுவழியும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். நூறாண்டு கழிந்தும் சுகாதாரம் என்றால் எங்களுக்கு முதலில் பாதை, பிறகு தண்ணீர், அதற்குப் பிறகுதான் மருந்து.

இப்படிப்பட்ட இடத்தில் வந்துதான் 'சமூக விலகல்' என்று அறிவித்தார்கள். சமூகம் எங்களிடமிருந்து விலகிப் பல நூறாண்டுகள் ஆகின்றன. பலரும் எதிர்த்த பிறகு அந்தச் சொல் 'சமூக இடைவெளி' என்றும் 'தனிமனித இடைவெளி' என்றும் மாறியது. சொல் மாறினாலும் வீடு மாறவில்லை. ஒரே அறை கொண்ட தொகுப்பு வீட்டில் ஆறு பேர் படுக்கும்போது வீட்டுத் தனிமை எங்கிருந்து வரும்? காய்ச்சல் வந்தவர் திண்ணையில் படுத்தார். மற்றவர்கள் உள்ளே படுத்தார்கள். திண்ணை இல்லாத வீட்டில் வேப்பமரத்தடி.

சேரியில் காய்ச்சல் என்றால் ஊரில் வேலை கிடைக்காது. இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் மேட்டூர் அணை ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டது. குறுவைக்கு நடவாட்கள் வேண்டும். ஆனால் தெருவில் ஒருவருக்குத் தொற்று என்று தகரம் அடித்துவிட்டால் அந்தத் தெருப் பெண்கள் யாருக்கும் நடவு இல்லை. அதனால் காய்ச்சலை மறைத்தார்கள். அறியாமையால் மறைத்ததாக மேடைகளில் பேசினார்கள். கூலி போய்விடும் என்ற தெளிவான அறிவால்தான் மறைத்தார்கள். தனிமையில் இருப்பவருக்கு அரிசியும் கூலி இழப்பீடும் வீடு தேடி வரும் என்றால் யாரும் மறைத்திருக்க மாட்டார்கள். 2021-இல் அரிசி அட்டைக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தது. அந்தப் பணம் வந்த வாரத்தில் எங்கள் தெருவில் காய்ச்சல் சொன்னவர்களின் எண்ணிக்கை கூடியது. நோய் அந்த வாரம் கூடவில்லை; சொல்லும் துணிவு கூடியது.

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாகப்பட்டினத்திலும் அரியலூரிலும் அப்போது அரசு மருத்துவக் கல்லூரி செயல்படவில்லை. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில்தான் அவை இரண்டும் வந்தன. அந்த மே மாதத்தில் நாங்கள் சிலர், கல்லூரி மாணவர்கள், ஒரு தையல்கார அக்கா, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் ஓர் அண்ணன் என்று சேர்ந்து, கோடு போட்ட ஒரு நோட்டு வாங்கினோம். வீடு வீடாகப் பெயர், வயது, சர்க்கரை இருக்கிறதா, இரத்தக்கொதிப்பு இருக்கிறதா, கர்ப்பிணி உண்டா, காய்ச்சல் எத்தனை நாள் என்று எழுதினோம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஒன்று. நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் அது ஒன்றுதான். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று.

"ஏந்தம்பி, அறுவது வருசமா இருமிக்கிட்டு இருக்கேன். ஒருத்தரும் கேக்கல. இப்ப என்னத்துக்குக் கேக்குறீங்க?" என்றார் ஓர் அப்பாயி. எங்களிடம் பதில் இல்லை. அவருக்குக் கொரோனா இல்லை. சளிப் பரிசோதனையில் காசநோய் தெரிந்தது. அந்த நோட்டு எங்களுக்குச் சொன்ன பெரிய செய்தி இதுதான். கொரோனாவைத் தேடப் போனோம். எண்ணப்படாத சர்க்கரையையும், மாத்திரை நின்றுபோன இரத்தக்கொதிப்பையும், நடவுத் தண்ணீரில் நாள் முழுக்க நின்று கால்விரல் இடுக்கு அழுகிப்போன பெண்களையும் கண்டோம். எங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியர் அக்கா அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் பதிவேட்டோடு ஒப்பிட்டு விடுபட்ட பெயர்களைச் சேர்த்துக்கொண்டார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. ஒரே செவிலியர் அத்தனை பேரையும் எப்படி அறிவார்? தெருவுக்கு நாலு பேர் துணைக்கு நின்றால் அறிவார்.

தடுப்பூசிக் காலத்தில் இன்னொன்று கற்றோம். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு பின்னர் சொன்னது. ஆனால் அந்தப் பயம் எங்கள் தெருக்களில் மாதக்கணக்கில் இருந்தது. ஓர் ஊரில் முகாமை ஊர்த் தெருவிலுள்ள கல்யாண மண்டபத்தில் போட்டார்கள். சேரியிலிருந்து விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் போனார்கள். "பயப்படுகிறார்கள், விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிக்கொண்டார்கள். அந்த மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்குக் கல்யாணத்துக்கே வாடகைக்குக் கொடுத்ததில்லை. அதற்குள் ஊசிக்கு மட்டும் எப்படி நுழைவார்கள்? அடுத்த முகாமைக் காலனி அங்கன்வாடியில் போடச் சொல்லிக் கேட்டோம். "அங்க போட்டா ஊர்க்காரங்க வர மாட்டாங்களே" என்று பதில் வந்தது. இரண்டு முறை மனுக் கொடுத்த பிறகு காலனியில் முகாம் நடந்தது. மதியத்துக்குள் மருந்து தீர்ந்தது. ஊர்க்காரர்களில் சிலரும் வந்தார்கள். உயிர்ப்பயம் சாதியைக் கொஞ்ச நேரம் வரப்பில் உட்கார வைத்தது.

தோழர்களே, 'அணுகல்' என்று நலத்துறை அறிக்கைகளில் வரும் சொல்லுக்குப் பொருள் இதுதான். எத்தனை கிலோமீட்டரில் சுகாதார நிலையம் இருக்கிறது என்று மட்டும் அளந்தால் போதாது. எந்தத் தெரு வழியாக அங்கே போக வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

கொரோனாவைத் தெருவில் நின்று எதிர்கொண்டவர்கள் யார்? தூய்மைப் பணியாளர்கள். 2020-இல்தான் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயர் மாற்றத்தை வரவேற்கிறோம். அந்த மாதங்களில் மாலை போட்டார்கள், கைதட்டினார்கள், சில இடங்களில் காலைக் கழுவினார்கள். எங்கள் சித்தப்பா ஒருவருக்கும் ஒரு தெருவில் மாலை விழுந்தது. அதே தெருவில் தண்ணீர் கேட்டபோது பிளாஸ்டிக் டம்ளரில் கொடுத்து, குடித்ததும் குப்பை வண்டியிலேயே போட்டுவிடச் சொன்னார்கள். தொற்று என்றார்கள். தொற்றுக்கு முன்பும் அந்தத் தெருவில் அவருக்கு டம்ளர் கிடைத்ததில்லை.

மாரிக்குளம், ராஜாகோரி என்று நகரத்தின் சுடுகாடுகளிலும், கிராமத்துச் சுடுகாடுகளிலும் பிணம் எரித்தவர்கள் யார், புதைகுழி வெட்டியவர்கள் யார் என்று கேட்டால் அதே விடைதான் வரும். பெற்ற பிள்ளைகள் தள்ளி நின்ற உடல்களை நம் ஆட்கள் தொட்டு அடக்கம் செய்தார்கள். கவச உடை அப்போது கிடைத்தது. இன்று கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குபவருக்கு அது எங்கே? மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது; இறப்பு நிற்கவில்லை. உள்ளூர் சுகாதாரத்தை வலுப்படுத்துவது என்றால் அதன் முதல் வரியில் தூய்மைப் பணியாளரின் நிரந்தர வேலை இருக்க வேண்டும். நகரத்தின் முதல் மருத்துவர் அவர்தான். ஒப்பந்ததாரருக்குக் கீழே தினக்கூலியாக அவரை வைத்துக்கொண்டு 'ஸ்மார்ட் சிட்டி' என்று பலகை வைப்பதில் பொருளில்லை.

இன்னொரு செய்தியை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கொரோனா வந்தபோது தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் கவுன்சிலர் கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. சென்னை மாநகராட்சி தெருத் தெருவாகப் போனதாகச் சொன்னோமே, அப்போது அந்த 200 வார்டுகளிலும், நம் தஞ்சாவூரின் 51 வார்டுகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. அதிகாரிகள் உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சேரிக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது? தஞ்சை உள்ளிட்ட 27 மாவட்டங்களின் கிராமங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்திருந்ததால் ஊராட்சித் தலைவர்கள் இருந்தார்கள். அவர்களில் தனித்தொகுதியில் வென்ற நம் பெண்களும் இருந்தார்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தொற்றைத் தடுக்க வேண்டிய தலைவருக்கே நாற்காலி இல்லை. அதே அக்டோபர் 2 கிராம சபையும் தொற்றைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. 2025 ஜனவரி 5-ஓடு அந்த ஊராட்சிகளின் காலமும் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். மருத்துவமனையும் சுகாதார நிலையமும் ஊராட்சிக்குரிய பொருள்கள் என்று அரசியல் சட்டத்தின் 11ஆம் அட்டவணை சொல்கிறது. நகரத்துக்குப் பொது சுகாதாரம் என்று 12ஆம் அட்டவணை சொல்கிறது. உள்ளாட்சி இல்லாத இடத்தில் உள்ளூர் சுகாதாரம் எப்படி வலுப்படும்?

நோய் தணிந்த பிறகு நல்லவையும் வந்தன. அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, இரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நகரங்களில் 708 நலவாழ்வு மையங்கள் என்று அறிவித்து, 2023 ஜூனில் 500 மையங்களைத் திறந்தார்கள். ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். காலையிலும் மாலையிலும் திறந்திருக்கும். கூலிக்குப் போய் வருபவருக்கு மாலை நேரம் எத்தனை பெரிது என்று நமக்குத் தெரியும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும் நேரத்தில் நடவுக்காரப் பெண் முழங்கால் சேற்றில் நிற்கிறார். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் வரும்போதும் வீடு பூட்டியிருக்கிறது.

ஆனால் இந்த நலவாழ்வு மையங்களின் பணம் எங்கிருந்து வருகிறது? 15ஆவது நிதிக்குழு, உள்ளாட்சிகள் வழியாக சுகாதாரத்துக்கு என்று நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அந்தப் பணத்துக்கு 2026 மார்ச் 31 வரைதான் ஆயுள் எழுதப்பட்டது. பணியாளர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். வீடு தேடி வரும் பெண் தன்னார்வலருக்குச் சம்பளம் என்ற சொல்கூட இல்லை, ஊக்கத்தொகை. கொரோனா காலத்தில் அமர்த்தப்பட்ட தற்காலிகச் செவிலியர்கள் பிறகு வீதியில் இறங்கிப் போராட வேண்டியிருந்ததையும் பார்த்தோம். ஆபத்தில் கதவைத் தட்ட ஆள் வேண்டும், ஆபத்து நீங்கியதும் அந்த ஆளுக்கே கதவு மூடப்படும். பண்ணையார் அறுவடைக்கு மட்டும் ஆள் கூப்பிட்ட முறை இது. அரசு அதைச் செய்யக் கூடாது.

இனி நாம் செய்ய வேண்டியவை. பெரிய முழக்கங்களைச் சொல்லப்போவதில்லை. நாளைக் காலையே தொடங்கக்கூடியவை.

உங்கள் தெருவுக்கு ஒரு நோட்டு போடுங்கள். வீடு, ஆள், நோய், மருந்து, கர்ப்பிணி, குழந்தைத் தடுப்பூசி. மற்றவர் நோயை வெளியே பேசக் கூடாது என்பதை முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செவிலியர் அக்காவோடு உட்கார்ந்து அவர் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். அவருக்கும் ஆள் பற்றாக்குறைதான்.

கிராம சபையில் சுகாதாரத்தைப் பொருளாக வையுங்கள். ஆண்டுக்கு ஆறு நாட்கள் இருக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபையைக் கேளுங்கள். 2022 நவம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது; அது எப்போது, எங்கே கூடுகிறது என்று நம் தெருக்களுக்குச் சொல்வதே பெரிய வேலை.

10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். உங்கள் பகுதி நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, எத்தனை நாளாகக் காலி, கடைசியாகக் காலனியில் முகாம் நடந்த தேதி எது. நான்கே கேள்விகள். விடை வந்தாலும் வராவிட்டாலும் அது நமக்கு ஆயுதம்.

பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான துணைத் திட்ட நிதி திசைமாறுவதைத் தடுக்க 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. அந்த நிதியில் காலனிக்குப் பாதையும் வடிகாலும் துணை சுகாதார நிலையக் கட்டடமும் கேளுங்கள். கட்டடம் காலனியிலேயே வரட்டும். ஊரார் நம் தெருவுக்கு வந்து மருந்து வாங்கிப் போகட்டும். சாதி ஒழிப்புக்கு அதுவும் ஒரு வழி.

கடைசியாக, நர்சிங் படியுங்கள், சுகாதார ஆய்வாளர் படிப்பு படியுங்கள், ஆய்வகத் தொழில்நுட்பம் படியுங்கள். நீட் தேர்வு நம் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரி வாசலில் தடுத்து நிறுத்துகிறது. அதை எதிர்த்துப் போராடுவோம். போராடிக்கொண்டே மற்ற வாசல்கள் வழியாகவும் உள்ளே நுழைவோம். மேசைக்கு அந்தப் பக்கம் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால், இந்தப் பக்கம் நிற்கும் அப்பாயியின் கையைத் தொட்டு நாடி பார்ப்பார்.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஐப்பசி மழைக்கு டெங்கும் எலிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நோட்டு தயாராக இருக்கட்டும்.

ஜெய்பீம்.